ரோ படங்களுக்கு எந்த மென்பொருள்? ஸ்டூடியோ முதலாளிமாரின் கவனத்திற்கு

ஸ்டூடியோ நடத்தும் சகோதரர்களும் இணையம் மூலம் பொருள் விற்கும் வியாபாரிகளும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ரோ படங்களைத் திருத்த எந்த மென்பொருள் நல்லது?” என்பதே அது. படத்தின் அழகை மாத்திரம் வைத்துப் பார்த்தால் இதற்குப் பதில் சொல்வது சுலபம். இன்று சந்தையில் உள்ள முன்னணி மென்பொருட்கள் அனைத்துமே, கையாளத் தெரிந்தவரிடம் நல்ல படத்தைத் தரும். வாடிக்கையாளர் அல்பத்தைப் புரட்டிப் பார்த்து, இது எந்த மென்பொருளில் திருத்தியது என்று கேட்கப் போவதில்லை.

ஆனால் வியாபாரிக்கு வேறு சில கேள்விகள் இருக்கின்றன. நான் உழைத்துத் திருத்திய வேலை எங்கே சேமிக்கப்படுகிறது? மாதாமாதம் காசு கட்டுவதை நிறுத்தினால் அந்த வேலைக்கு என்ன நடக்கும்? கம்பனி அந்த மென்பொருளையே கைவிட்டால் நான் என்ன செய்வது? என் வாடிக்கையாளரின் குடும்பப் படங்கள் யாருடைய கணினியில் கிடக்கின்றன? கடைக் கணக்குப் புத்தகத்தை அடுத்தவருடைய அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியையும் அவரிடமே கொடுக்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். படங்கள் விடயத்தில் மாத்திரம் நம்மில் பலர் அதனைத்தான் செய்கிறோம்.

ரோ என்றால் என்ன என்பதை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். கெமராவின் சென்சரில் விழுந்த ஒளியை அப்படியே பதிந்து வைத்திருக்கும் பைல்தான் ரோ. பழைய பில்ம் காலத்து நெகடிவ்வை இதற்கு ஒப்பிடலாம். அதனை லேபில் கழுவி பிரிண்ட் போட்டால்தான் படம். ஜேபெக் என்பது கெமரா தானே கழுவி, வேண்டாததை வீசிவிட்டுத் தரும் பிரிண்ட். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகள் மாத்திரமே உண்டு. 14 பிட் ரோ பைலில் 16,384 படிகள் வரை பதியப்படும். மண்டபத்தில் மாப்பிள்ளையின் வெள்ளை ஜுப்பா வெளிச்சத்தில் வெளுத்துப் போனாலும், பின்னால் நிற்கும் வாப்பாவின் முகம் இருட்டில் அமுங்கிப் போனாலும் ரோவில் ஓரளவுக்கு மீட்டெடுக்கலாம். ஜேபெக்கில் அந்த வசதி மிகக் குறைவு.

அடுத்தது நிறம். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்தோமா, வெயிலில் எடுத்தோமா என்பதற்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வேலையை ரோவில் படம் எடுத்த பிறகும் செய்யலாம்; தரம் குறையாது. கல்யாண ஸ்டூடியோக்களை விட இது முக்கியமாவது பேருவளை சீனன்கோட்டையில் இரத்தினக்கல் வியாபாரம் செய்வோருக்குத்தான் என்பேன். நீலக்கல் ஒன்றின் விலையே அதன் நிறத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் போனில் வந்த படத்தைப் பார்த்துத்தான் விலை பேசத் தொடங்குகிறார். கல்லின் பக்கத்தில் நடுத்தரச் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், எந்த ரோ மென்பொருளிலும் அந்த அட்டையின் மீது ஒரு தடவை கிளிக் செய்து, அதே வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் சரியான நிறத்தைக் கொடுக்கலாம். அதே மென்பொருளில் நீலத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடவும் முடியும் என்பது உண்மைதான். அது வியாபாரத்தில் எந்தக் கணக்கில் சேரும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு விடயம்: திரையே நிறத்தைப் பிழையாகக் காட்டுமானால் எவ்வளவு விலைகூடிய மென்பொருளாலும் பயனில்லை. திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் சிறு கருவியை இரண்டு மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்றாக வாங்கி மாறிமாறிப் பாவிக்கலாம்.

ரோவின் சுமை அதன் அளவு. 24 மெகாபிக்சல் கெமராவில் ஒரு ரோ படம் ஏறத்தாழ 25 மெகாபைட் வரும். நிக்காஹ்வும் வலீமாவும் சேர்ந்து 2,000 படங்கள் எடுத்தால் 50 ஜிகாபைட். வருடத்திற்கு 40 கல்யாணம் என்றால் 2 டெராபைட். ஒன்றுக்கு இரண்டு கொப்பி வைக்காமல் இத்தொழிலைச் செய்யக் கூடாது. ஆகவே 4 டெராபைட். மென்பொருளின் விலையைக் கேட்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கின் செலவையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். இதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று படத்தைத் திருத்துவது. மற்றது ஆயிரக்கணக்கான படங்களை ஒழுங்குபடுத்தி, வேண்டிய நேரத்தில் தேடி எடுப்பது. முதலாவதைப் பற்றி யூடியூப்பில் நாள் முழுக்கப் பாடம் நடத்துகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் ஸ்டூடியோவின் பெயர் நிற்பதும் கெடுவதும் அதில்தான். நான்கு வருடங்களுக்கு முன் நடந்த கல்யாணத்தில் எடுத்த வாப்பும்மாவின் படத்தைக் கேட்டு ஒரு குடும்பம் வருகிறது. அவர் இப்போது மவ்த்தாகிவிட்டார். அவருடைய நல்ல படம் என்று வீட்டில் வேறொன்றும் இல்லை. அந்தப் படத்தைப் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கும் ஸ்டூடியோவுக்கு அந்தக் குடும்பத்தின் அடுத்த மூன்று கல்யாணங்களும் வரும். ‘ஹார்ட் டிஸ்க் எங்கேயோ கிடக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்’ என்பவருக்கு என்ன வரும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் பலர் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. ரோ படத்தைத் திருத்தும்போது படம் மாறுவதில்லை. ‘வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, ஓரத்தை இவ்வளவு வெட்டு’ என்ற கட்டளைகள் மாத்திரம் தனியாக எழுதி வைக்கப்படுகின்றன. அவற்றை எங்கே எழுதுகிறது என்பதில்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம். சில மென்பொருட்கள் எல்லாப் படங்களின் கட்டளைகளையும் கெட்டலொக் எனப்படும் ஒரே பெரிய பதிவேட்டில் எழுதுகின்றன. வேறு சில, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதே பெயரில் ஒரு சிறு பைலை வைக்கின்றன. எக்ஸ்எம்பி என்ற முடிவுடன் வருபவை இவைதான். பதிவேட்டு முறையில் தேடுவது வேகம். ஆனால் மின்சாரம் திடீரென நின்றோ, டிஸ்க் பழுதாகியோ அந்தப் பதிவேடு கெட்டுப்போனால் பல வருட வேலையும் ஒரேயடியாகப் போய்விடும். சிறு பைல் முறையில் போல்டரை எங்கே கொண்டு போனாலும் வேலையும் கூடவே போகும்.

லைட்ரூம் கிளாசிக் பாவிப்போரிடம் பரவலாகக் காணும் தவறான எண்ணம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அது மூடும்போது ‘பெக்கப் எடுக்கட்டுமா’ என்று கேட்கும். ஆம் என்று அழுத்திவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். அந்த பெக்கப் பதிவேட்டுக்கு மாத்திரமே. படங்கள் அதில் இல்லை. படங்களை நீங்களே வேறு டிஸ்க்கில் கொப்பி எடுக்க வேண்டும். அதேபோல, எக்ஸ்எம்பி பைலையும் சேர்த்து எழுதும்படி அமைப்புகளில் ஒரு தெரிவு உண்டு. அதனை இயக்கி வைப்பது நல்லது. இருப்பினும் நீங்கள் அதில் உருவாக்கிய தொகுப்புகளும், ஒரே படத்தின் மாற்றுப் பிரதிகளும் எக்ஸ்எம்பியில் போகாது. பதிவேட்டில் மாத்திரமே இருக்கும்.

பதிவேடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆப்பிள் கம்பனியின் அபேர்ச்சர் மென்பொருளின் கதை நல்ல உதாரணம். 2005இல் 499 டொலர் விலையில் அது சந்தைக்கு வந்தது. பின்னர் படிப்படியாக விலை குறைந்து, 2011இல் 80 டொலருக்கு விற்கப்பட்டது. விலை இப்படி இறங்கும்போது வாங்குபவர் மகிழ்வார். வியாபாரி கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். 2014 ஜூனில் ஆப்பிள் அதனைக் கைவிடுவதாக அறிவித்தது. 2015இல் விற்பனை நின்றது. 2019இல் வந்த கெட்டலினா இயங்குதளத்தில் அது இயங்கவே இல்லை. ஆப்பிளின் போட்டோஸ் மென்பொருளுக்கு மாற வழி இருந்தது. ஆனால் அது தொழில் செய்வோருக்கு ஏற்றதல்ல என்று லைட்ரூமுக்குப் போனவர்களோடு படங்களும் தேடற் சொற்களும் நட்சத்திர மதிப்பீடுகளும் போயின. திருத்திய வேலை போகவில்லை. ஒரு மென்பொருளின் திருத்தக் கட்டளை இன்னொன்றுக்கு விளங்காது என்பதே காரணம். இன்றும் அதே நிலைதான். நம்மூர்க் கடைகளில் பலர் விரும்பிப் பாவித்த கூகுளின் பிக்காசாவும் 2016இல் நின்றுபோனது.

அடுத்தது காசு. அடோபி கம்பனி லைட்ரூமை ஒரே தடவையில் விலைக்கு விற்றது 2015இல் வந்த ஆறாவது பதிப்போடு முடிந்தது. 2017 டிசம்பருடன் அதற்குப் புதிய கெமராக்களைச் சேர்ப்பதும் நின்றது. அதன் பின் சந்தா முறைதான். 2013இல் போட்டோஷொப்பும் லைட்ரூமும் சேர்த்து மாதம் 10 டொலர் என்று தொடங்கிய திட்டம் 2025 ஜனவரியில் புதியவர்களுக்கு மூடப்பட்டது. இரண்டும் சேர்ந்து வேண்டுவோர் மாதம் 20 டொலர் திட்டத்திற்குப் போக வேண்டியதாயிற்று.

டொலர் விலையே மாறாவிட்டாலும் நமக்கு மாறும் என்பதை 2022 காட்டியது. அவ்வருட மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவுக்குப் போனது. 2,000 ரூபாவாக இருந்த 10 டொலர் சந்தா இரண்டே மாதத்தில் 3,600 ரூபாவானது. அதே நாட்களில்தான் கல்யாணங்களைச் சிறிதாக்கினார்கள், அல்பத்தின் பக்கங்களைக் குறைத்தார்கள். வருமானம் ரூபாவிலும் செலவு டொலரிலும் இருக்கும் எந்தத் தொழிலுக்கும் உள்ள ஆபத்துதான் இது. சந்தாவை விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காசு கட்ட முடியாத மாதத்தில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்தால் திருத்தும் பகுதி பூட்டப்படும். ஆனால் பழைய படங்களைத் தேடலாம், திருத்தியபடியே ஜேபெக்காக வெளியே எடுக்கலாம். இது நியாயமான ஏற்பாடு.

ஒரே தடவை காசு கொடுத்து வாங்கக்கூடியவையும் உள்ளன. டீஎக்ஸ்ஓ போட்டோலேப் அப்படியான ஒன்று. இருட்டு மண்டபத்தில் எடுத்த படங்களில் விழும் புள்ளிகளை நீக்குவதில் அது மிகத் திறமையானது. எனினும் வேகமான கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பழைய கணினியில் ஒரு படத்திற்கே நிமிடக் கணக்கில் காத்திருக்க நேரும். மென்பொருள் வாங்கப் போய்க் கணினியும் வாங்கி வந்த கதையாகிவிடும். கப்ச்சர் வன் என்பதையும் விலைக்கு வாங்கலாம். கெமராவைக் கேபிள் மூலம் கணினியோடு இணைத்து, எடுத்த படத்தை உடனே பெரிய திரையில் பார்க்கும் வேலைக்கு, அதாவது துணி, நகை, பாதணி போன்ற பொருட்களைப் படம் எடுப்போருக்கு அது பெயர் பெற்றது. 2023 முதல் அதனை விலைக்கு வாங்குவோருக்குப் பின்னர் வரும் புதிய வசதிகள் இலவசமாகச் சேர்வதில்லை. அதன் இலவசப் பதிப்பும் 2024 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. இலவசமாகத் தருவதை நிறுத்தும் உரிமை தருபவருக்கு எப்போதும் உண்டு.

அந்த ஆபத்து இல்லாத இலவசம் ஒரு வகைதான். அதுவே திறந்த மூல மென்பொருள். டார்க்டேபிள், ரோதெரபி இரண்டும் இவ்வகை. ரோதெரபி 2010 முதலும், டார்க்டேபிள் தொடங்கிய காலத்திலிருந்தும் திறந்த மூலமாக வெளிவருகின்றன. டார்க்டேபிள் விண்டோஸுக்கு 2017 டிசம்பரில் வந்தது. அது பதிவேட்டையும் வைக்கிறது. படத்தின் பக்கத்தில் எக்ஸ்எம்பியையும் எழுதுகிறது. படங்களைத் தேடி ஒழுங்குபடுத்த டிஜிகாம் என்பதும் உண்டு. குறையையும் சொல்ல வேண்டும். டார்க்டேபிளின் திரை முதல் பார்வையில் பயமுறுத்தும். கையாளப் பழக ஒரு மாதமாவது வேண்டும். அதைவிட முக்கியமாக, லைட்ரூம் தெரிந்த பிள்ளைகள் வேலைக்குக் கிடைப்பார்கள். டார்க்டேபிள் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது நீங்களே பழக்க வேண்டும். சம்பளம் கொடுப்பவருக்கு இதுவும் ஒரு செலவுதான்.

இவற்றையெல்லாம் படிக்கும்போது ஒருவர் மனதுக்குள் சிரிக்கக்கூடும். ‘யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? பென்டிரைவில் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம்’ என்று. இது பற்றி ஒளிவு மறைவின்றிப் பேசுவதே நல்லது. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது நிறைவேற்றிய 43ஆம் இலக்கத் தீர்மானத்தில், வர்த்தகப் பெயர், ஆக்க உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை பெறுமதியுள்ள சொத்துரிமைகள், ஷரீஆவில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. நாட்டுச் சட்டத்தை எடுத்தாலும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. ஹலாலான சம்பாத்தியத்தில் இவ்வளவு கவனமாக இருக்கும் சமூகம், அந்தச் சம்பாத்தியத்திற்கான கருவியில் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது என்பது எனக்கு விளங்காத விடயம். வியாபாரக் கணக்கும் இதற்கு எதிராகவே இருக்கிறது. திருட்டுப் பிரதிகளோடு வைரஸ் வருவது புதிய செய்தியல்ல. கல்யாணப் படங்கள் முழுவதையும் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வகையும் அவற்றில் உண்டு. முழுமையான மென்பொருட்கள் சட்டப்படி இலவசமாகவே கிடைக்கும் காலத்தில் வசதி இல்லை என்ற நியாயமும் நிற்காது.

நம் சமூகத்தில் ஸ்டூடியோ நடத்துவோர் மற்ற எவரையும்விடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பெண்கள் பகுதியில் பெண் படப்பிடிப்பாளரைக் கொண்டு படம் எடுக்கச் சொல்கிறார்கள். ‘இது வெளியே போகக் கூடாது’ என்ற உறுதியின் பேரில்தான் நம்மை அழைக்கிறார்கள். அந்தப் படங்கள் நம் கையில் உள்ள அமானிதம். ஆனால் லைட்ரூம் என்ற பெயரில் இரண்டு மென்பொருட்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. ‘கிளாசிக்’ என்பது உங்கள் டிஸ்க்கில் படங்களை வைத்து வேலை செய்வது. வெறுமனே லைட்ரூம் என்று மாத்திரம் அழைக்கப்படுவதில் படங்களைச் சேர்த்தால், மூலப் படங்கள் அப்படியே இணையத்தில் உள்ள அடோபியின் சேமிப்பகத்திற்கு ஏற்றப்படும். அது களவல்ல, அந்த மென்பொருள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எனினும் அந்தக் கணக்கின் கடவுச்சொல் வேலை செய்யும் இரண்டு பேருக்கும், போன வருடம் விலகிப் போனவருக்கும் தெரியுமாக இருந்தால், மணப்பெண்ணின் படங்களை அவர்கள் எல்லோரும் எங்கிருந்தும் பார்க்கலாம். பெண்கள் பகுதிப் படங்களைப் பொறுத்தவரை கணினியிலேயே வேலை செய்யும் மென்பொருளைத்தான் நான் பரிந்துரைப்பேன். டார்க்டேபிள், போட்டோலேப், லைட்ரூம் கிளாசிக் மூன்றிலும் இது முடியும். கிளாசிக்கில் ஒத்திசைவு வசதியை மாத்திரம் நிறுத்தி வையுங்கள். அந்தப் படங்களுக்கென்று கடவுச்சொல் போட்ட தனி டிஸ்க் ஒன்றை ஒதுக்குவது இன்னும் நல்லது.

யாருக்கு எது பொருந்தும்? கடையில் உள்ள பொருட்களைப் படம் எடுத்து வட்ஸ்அப்பிலும் இணையத்திலும் போடுபவருக்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. கெமராக் கம்பனியே இலவசமாகத் தரும் மென்பொருள் போதும். கெனன் கெமராவுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபெஷனல், நிக்கோனுக்கு 2021இல் வந்த என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் என்பன உள்ளன. நிறம் கெமராவில் கண்டபடியே வரும். அவை வேகம் குறைந்தவை. ஆயிரம் படங்களுக்கு உதவாது. ஐம்பது படங்களுக்குத் தாராளமாகப் போதும். வாரந்தோறும் கல்யாணம் எடுத்து, சம்பளத்துக்கு ஆளும் வைத்திருக்கும் ஸ்டூடியோவுக்கு லைட்ரூம் கிளாசிக்கின் சந்தா அதன் வேகத்தினாலேயே தீர்ந்துவிடும். புதிதாகத் தொடங்கும் இளைஞருக்கு, வேலை குறைந்த மாதங்களில் டார்க்டேபிளைப் பழகச் சொல்வேன். முதல் வருடத்திலேயே டொலரில் மாதச் செலவொன்றைத் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

முடிவெடுக்க முன் கணக்கொன்று போடுங்கள். கல்யாணத்திற்கு 500 படங்கள் தெரிந்தெடுத்துக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு படத்திற்கு இரண்டு நிமிடம் சென்றால் 1,000 நிமிடம், அதாவது பதினாறரை மணித்தியாலத்திற்கும் மேல். ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களுக்குத் திருத்தத்தை மொத்தமாகப் போட்டு, அதனை அரை நிமிடமாகக் குறைத்தால் நான்கு மணித்தியாலத்தில் முடியும். அநேகமான கம்பனிகள் சில நாட்கள் இலவசமாகப் பாவித்துப் பார்க்க விடுகின்றன. அந்த நாட்களில் அவர்கள் தரும் மாதிரிப் படத்தில் வேலை செய்து ஏமாற வேண்டாம். உங்கள் மண்டபத்தில், உங்கள் கெமராவில் எடுத்த ஒரு முழுக் கல்யாணத்தை, உங்கள் கணினியில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு திருத்துங்கள். கெமரா புதியதென்றால் அந்த மென்பொருள் அதன் ரோவைத் திறக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். திறக்காவிட்டால், அடோபி இலவசமாகத் தரும் மாற்றி மூலம் அதனை டிஎன்ஜி வடிவத்திற்கு மாற்றினால் பழைய மென்பொருட்கள் பலவும் ஏற்றுக்கொள்ளும்.

பிறகு வெளியேறும் வழியையும் அதே நாட்களில் சோதியுங்கள். அந்தக் கல்யாணத்தின் போல்டரை வேறொரு டிஸ்க்கிற்குக் கொப்பி செய்து, மென்பொருள் போடாத இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். ரோ படங்கள் இருக்கின்றனவா? திருத்தி முடித்த முழு அளவு ஜேபெக்குகள் பக்கத்தில் இருக்கின்றனவா? போல்டரின் பெயரில் திகதியும் குடும்பப் பெயரும் ஊரும் இருக்கின்றனவா? மூன்றும் இருந்தால் கம்பனி நாளை மூடினாலும், சந்தா நின்றாலும், வாப்பும்மாவின் படத்தைக் கேட்டு வருபவருக்குப் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பீர்கள். இல்லாவிட்டால் அந்த மென்பொருளில் அடுத்த கல்யாணத்தை ஏற்ற முன், வேலை முடிந்த ஒவ்வொரு தொகுதிக்கும் முழு அளவு ஜேபெக் எடுத்து வைக்கும் வழக்கத்தைத் தொடங்குங்கள். 500 படங்களுக்கு 5 ஜிகாபைட் அளவுதான் செல்லும்.